8.05 பஸ்: குமரி மலையோரப் பள்ளி ஒன்றின் காலை நேரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். ‘எத்தனாயிக் அமி’ வரை எழுத்து அச்சுக் கோத்ததுபோல வரிசையாக வந்திருக்கிறது. அதற்குமேல் எழுத்தில்லை. பேனா முனை அங்கிருந்து வழுக்கி, மூன்று வரிகளைக் குறுக்காக வெட்டி, ஓரக்கோட்டையும் தாண்டித் தாளின் விளிம்பில் போய் நின்றிருக்கிறது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி வாய்பாட்டை எழுதி முடிப்பதற்குள் நடந்தது அது. திரும்பிப் பார்த்தபோது மாணவி நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள், கண் மட்டும் மூடியிருந்தது. அப்போது மணி காலை 8.20. பள்ளி தொடங்க இன்னும் 55 நிமிடம் இருந்தது.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிகள் காலையில் தாமதமாகத் தொடங்க வேண்டும் என்று உலகில் பல இடங்களில் சட்டமும் ஆணையும் வந்துகொண்டிருக்கின்றன. அவை கேட்கும் நேரத்துக்கும் பிந்தித்தான் எங்கள் பள்ளியின் முதல் மணி அடிக்கிறது. 9.15. ஆனால் பொதுத்தேர்வுக்கான காலைச் சிறப்பு வகுப்புக்காகப் பிள்ளைகள் 7.50-க்கே பெஞ்சில் இருக்கிறார்கள்.

இடம் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு வட்டம், ரப்பர் தோட்டங்களின் அடிவாரத்தில் உள்ள ஓர் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. பள்ளியின் பெயரையோ மாணவியின் பெயரையோ சொல்லப் போவதில்லை. நான் அந்த வகுப்பின் வகுப்பாசிரியை. ஆகவே இதில் வெளியிலிருந்து வந்து பார்த்தவளின் நடுநிலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தச் சிறப்பு வகுப்பை நடத்தியவளே நான்தான்.

ஒரு நாளின் கணக்கு

முதலில் நான் நினைத்தது எல்லோரும் நினைப்பதைத்தான்: இரவில் கைபேசி. அவளைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கடிந்தும் விட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவள்தான் மதிய உணவு வேளையில் வந்து, “டீச்சர், அவள் நாலரைக்கு எழுகிறவள்” என்றாள். அடுத்த சனிக்கிழமை மாணவியின் வீட்டுக்குப் போனேன். பேச்சிப்பாறை சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையில், தோட்டத்துக்குள் இருக்கிறது வீடு.

அப்பா, அம்மா இருவரும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருவரும் விடியற்காலை 3 மணிக்கு இறங்கிவிடுகிறார்கள். ரப்பர் மரத்தை அந்த நேரத்தில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. இரவில் இலை வழியாக நீர் போவது குறைவு, பால் குழாய்களில் அழுத்தம் அதிகம், வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து ஓட்டம் நின்றுவிடும். மரத்துக்கு எந்த நேரம் நல்ல நேரம் என்பதை மலையோரத்தில் பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்லுவார். வெட்டி முடித்து, சிரட்டையில் பால் நிறையும்வரை காத்திருந்து, சேகரித்து, ஆலையில் கொடுத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பும்போது காலை பத்து ஆகிவிடும்.

எனவே வீட்டின் காலை முழுவதும் மகளுடையது. எழுவது 4.30. அடுப்பு மூட்டிச் சோறு வைப்பது, அப்பா அம்மாவுக்குக் கஞ்சி வடித்து மூடி வைப்பது, நான்காம் வகுப்பு படிக்கும் தம்பியை எழுப்பிக் கிளப்புவது எல்லாம் அவள். தம்பி அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்குத் தனியாக நடந்து போய்விடுவான். அங்கே அவனுக்கு முதலமைச்சரின் காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அக்காளுக்குக் காலையில் ஒரு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்), மதியம் பள்ளிச் சத்துணவு. இடையில் ஒன்றும் கிடையாது. தூக்கத்தைப் பற்றி எழுதப் போய்ப் பசியைப் பற்றி எழுதுகிறேனே என்று தோன்றினாலும், காலை 8.20-க்குச் சரிந்த அந்தக் கோட்டில் இரண்டுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

6.20-க்கு வீட்டைவிட்டு இறங்கி, பஸ் நிறுத்தம்வரை நடை. 6.45 பஸ். 7.30-க்குப் பள்ளிக்கு அருகில் இறக்கிவிடும். 7.50 முதல் 8.50 வரை சிறப்பு வகுப்பு. 9.15-க்கு இறைவணக்கம். மாலை 4.15-க்குப் பள்ளி விட்டபின் மேலும் ஒரு மணி நேரம் சிறப்பு வகுப்பு. 5.40 பஸ். வீடு சேரும்போது 6.50. பாத்திரம் கழுவி, குளித்து, புத்தகத்தைத் திறக்கும்போது எட்டு தாண்டியிருக்கும். படுப்பது 11.15.

கூட்டிப் பார்த்தால் தூக்கம் 5 மணி 15 நிமிடம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. அதன் கீழ்வரம்பை வைத்துக்கொண்டாலும் இந்தப் பிள்ளைக்குத் தினம் 2 மணி 45 நிமிடம் கடன். வாரத்தில் ஐந்து நாள் சேர்த்தால் ஏறத்தாழ 14 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை அதை அடைக்கலாமே என்றால் ஞாயிறும் மரத்துக்கு விடுமுறை கிடையாது.

அம்மா ஒன்று சொன்னார். கனமழைக்கு ஆட்சியர் விடுமுறை விட்டால் அன்றைக்குப் பால்வெட்டும் இருக்காது, பள்ளியும் இருக்காது. அம்மா வீட்டிலேயே இருப்பார். “அந்த நாளில் ஒன்பது மணி ஆனாலும் எழமாட்டாள், எழுப்ப எனக்கும் மனம் வராது” என்றார். எங்கள் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என இரண்டு பருவமழை. அவளுக்கு நிறைவான தூக்கம் கிடைப்பது அந்த இரண்டு மழைகளின் தயவில்.

சீக்கிரம் படுத்தால் என்ன?

இந்தக் கேள்வியைத் தலைமை ஆசிரியர் கேட்டார், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கேட்டார்கள், என் கணவரும் கேட்டார். 9.30-க்கே படுத்தால் 4.30-க்கு ஏழு மணி நேரம் ஆகிவிடுமே!

அவளும் முயன்று பார்த்திருக்கிறாள். விளக்கை அணைத்துப் பத்து மணிக்குப் படுத்தால் பதினொன்று வரை முழித்துக்கொண்டே கிடப்பதாகச் சொன்னாள். அதைச் சோம்பலின் மறுபக்கம் என்று சொல்ல முடியாது. பூப்பெய்தும் பருவத்தில் உடலின் உள்கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது. தூக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் சுரப்பு சிறுபிள்ளைகளைவிடப் பிந்தித் தொடங்குகிறது, பகலெல்லாம் விழித்திருந்ததால் வரும் தூக்கச் சுமையும் மெதுவாகவே ஏறுகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல பத்தாண்டுகள் செய்த ஆராய்ச்சி இது. பத்து வயதுத் தம்பி எட்டரைக்குச் சுருண்டுவிடுகிறான், பதினைந்து வயது அக்காளால் முடியவில்லை. ஒரே பாயில் படுத்தாலும் இரண்டு கடிகாரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்பட்டது. நாகர்கோவில் இருப்பது 77½ பாகைக்கு அருகில். பாகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியன் நமக்குக் கடிகாரத்தைவிட 20 நிமிடம் பிந்தி வருகிறது. இங்கே ஆண்டு முழுவதும் உதயம் ஏறத்தாழ 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில். மிகத் தாமதமான உதயம் ஜனவரி பிற்பாதியில் வருகிறது, பொதுத்தேர்வுக்கான திருப்புதல் தேர்வுகள் நெருக்கும் அதே வாரங்களில். அந்த வாரங்களில் மாணவி இருட்டில் இறங்கி நடந்து, சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்க்கும் நேரத்தில் 6.45 பஸ்ஸில் ஏறுகிறாள்.

என் பங்கு இனிமேல்தான் வருகிறது. வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மறுநாள் சிறுதேர்வுக்கான வினாக்களை அதில் அனுப்புவது வழக்கம். வீட்டு வேலையெல்லாம் முடித்து நான் அனுப்பும் நேரம் இரவு 9.15, சில நாள் 9.40. அப்பாவின் கைபேசியில் அதைப் பார்த்து எழுதி முடித்துவிட்டுத்தான் அவள் படுத்திருக்கிறாள். கைபேசியால்தான் தூக்கம் கெடுகிறது என்று நான் கடிந்துகொண்டது சரிதான். அந்தக் கைபேசியில் வந்தது என் செய்தி.

மாற்றிப் பார்த்த பத்து வாரங்கள்

காலாண்டு விடுமுறைக்குப் பின் தலைமை ஆசிரியரிடம் பேசினேன். காலைச் சிறப்பு வகுப்பை அரையாண்டுத் தேர்வுவரை நிறுத்திப் பார்க்கலாம் என்பது என் கோரிக்கை. அவருக்கும் இதில் மனமில்லாமல் இல்லை. ஆனால் எங்கள் மாவட்டம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலப் பட்டியலின் மேல் வரிசையில் நிற்கிற மாவட்டம். இங்கே ஒரு பள்ளி 100 சதவீதத்தைத் தவறவிட்டால் ஊரில் பதாகை வைக்க முடியாது, அடுத்த ஜூனில் சேர்க்கை குறையும், சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரியாகும். உதவி பெறும் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘உபரி’ என்ற சொல் என்ன செய்யும் என்பது தெரியும். ஆக, மாணவியின் தூக்கத்துக்கும் ஓர் ஆசிரியரின் வேலைக்கும் இடையே ஒரு கயிறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் ‘பள்ளிகள் பிள்ளைகளை வதைக்கின்றன’ என்று எழுதுவது எளிது.

கடைசியில் உடன்பட்டார். திங்கள் முதல் வெள்ளிவரை காலை வகுப்பு இல்லை. மாலை ஒரு மணி நேரம் அப்படியே. மதிய இடைவேளையின் முடிவில் 15 நிமிடச் சிறுதேர்வு. சனிக்கிழமை 9.30 முதல் 12.30 வரை வகுப்பு. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மட்டும் தனியாக ஏதாவது வேண்டும் என்றார். சனிக்கிழமைக்குள் அதைச் சேர்த்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் மாலை 7 மணிக்கு மேல் எதுவும் அனுப்புவதில்லை என்று ஆசிரியர்கள் எங்களுக்குள் ஒப்புக்கொண்டோம். கணக்கு ஆசிரியர் இரண்டு முறை மீறினார். நான் ஒரு முறை.

மலைப்பக்கம் இருந்து வரும் பிள்ளைகளுக்கு இதனால் பஸ்ஸே மாறியது. 6.45-க்கு அடுத்த பஸ் 8.05. அது 8.50-க்குப் பள்ளிக்கு வந்துவிடும். இடையில் 80 நிமிடம்.

அந்த 80 நிமிடமும் தூக்கமாகிவிடும் என்று கற்பனை செய்திருந்தேன். ஆகவில்லை. மாணவி 5.30-க்கு எழத் தொடங்கினாள். ஏன் 5.50-க்கு எழக்கூடாது என்று கேட்டேன். சோறு வடிக்க வேண்டும், தம்பி இருக்கிறான், இப்போதெல்லாம் காலையில் உட்கார்ந்து ஓர் ஆப்பமோ கிழங்கோ சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றாள். 20 நிமிடத்தைத் தூக்கத்திலிருந்து எடுத்து வயிற்றுக்குக் கொடுத்திருந்தாள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவுச் செய்தி நின்றதால் படுக்கையும் 10.30 ஆயிற்று. ஆக ஏழு மணி நேரம். இன்னும் எட்டு வரவில்லை.

முதல் பாடவேளையில் கண் மூடுவது நின்றது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், கார்பன் சேர்மங்களில் ஹைட்ராக்சில் தொகுதி எங்கே வருகிறது என்று கேட்டபோது அவள் கை உயர்ந்தது. ஜூனிலிருந்து அது முதல் தடவை. அரையாண்டில் மதிப்பெண் ஏறியிருந்தது. தூக்கம்தான் காரணம் என்று எழுத எனக்குத் துணிவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தாள், ஆசிரியை வீட்டுக்கு வந்துபோனாள், பருவமும் மாறியிருந்தது. ஒரு பிள்ளையை வைத்து அதற்குமேல் சொல்ல முடியாது.

நஷ்டங்களும் உண்டு. 8.05 பஸ் இரண்டு நாள் வரவே இல்லை, ஒரு நாள் 8.40-க்கு வந்தது. 6.45-இல் வந்தவளுக்குப் பஸ் தவறினால் அடுத்த பஸ் இருந்தது. 8.05 தவறினால் முதல் பாடவேளை போய்விடும். மலையோரத்தில் பள்ளி நேரம் என்பது பஸ் அட்டவணையில் ஒரு வரி, அவ்வளவுதான்.

நான் எதிர்பார்க்காதது கீழ்ப்பக்கம், கடைத்தெருவை ஒட்டியுள்ள வீடுகளில் நடந்தது. காலை வகுப்பு நின்ற இரண்டே வாரத்தில் அங்குள்ள டியூஷன் மையம் ஒன்று 6.30 முதல் 8 மணி வரை பத்தாம் வகுப்புக்குப் புதிய வகுப்பு தொடங்கிவிட்டது. என் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் சேர்ந்தார்கள். நாங்கள் விட்டுக்கொடுத்த ஒரு மணி நேரத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, கூடவே அரை மணி நேரமும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது முன்பைவிட அதிகமாகத் தூங்கி வழிகிறான். கட்டணம் கட்டித் தூங்குகிறான்.

வேறு ஊர்களில் செய்தது

பள்ளி தொடங்கும் நேரத்தைச் சட்டத்தால் கட்டியவர்களில் கலிபோர்னியா முன்னோடி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. கலிபோர்னியாவில் அதற்கான மசோதாவை 2018-இல் ஒரு ஆளுநர் நிராகரித்தார், 2019 அக்டோபரில் அடுத்தவர் கையெழுத்திட்டார். 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன்னும், நடுநிலைப் பள்ளிகள் 8 மணிக்கு முன்னும் தொடங்கக் கூடாது. கிராமப்புற மாவட்டங்களுக்கு விலக்கு. பள்ளி நேரத்துக்கு முன்பு ஒரு சிலருக்காக நடத்தும் ‘பூஜ்ய பாடவேளை’க்கும் விலக்கு. அந்த இரண்டாவது விலக்கைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கள் சிறப்பு வகுப்பேதான். அங்கே ஓரத்தில் விட்ட சந்து, இங்கே நடுச்சாலை.

சியாட்டில் நகரத்தில் 2016-இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். மாணவர்கள் கையில் அசைவைப் பதியும் கருவியைக் கட்டி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்த ஆய்வு 2018-இல் வெளியானது. 55 நிமிடம் தள்ளிவைத்ததில் 34 நிமிடம் தூக்கமாகச் சேர்ந்தது. தாமதமாகப் போனால் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்ற வாதத்துக்கு அது நல்ல பதில். எங்கள் 80 நிமிடத்தில் ஒரு மணி நேரம் தேறியதும் அதே வழியில்தான் போகிறது. ஆனால் அவர்கள் கருவியால் அளந்தார்கள், நான் வாய்மொழியை நம்பினேன்.

புளோரிடா 2023-இல் இதேபோல ஒரு சட்டம் இயற்றி, 2026-க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. நடைமுறைக்கு வரும் முன்பே 2025-இல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. பஸ்தான் பெரிய இடர். ஒரே பஸ்ஸும் ஒரே ஓட்டுநரும் முதலில் ஒரு பள்ளிக்கு, பிறகு இன்னொரு பள்ளிக்கு என்று மாறி மாறி ஓடுவதால் ஒரு பள்ளியை நகர்த்தினால் எல்லாம் நகரும். இது நமக்குப் புரியாத கதை இல்லை. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் தனியார் பள்ளி வேன்கள் காலையில் இரண்டு டிரிப் அடிப்பதைப் பார்க்கிறோம். முதல் டிரிப்பில் ஏறும் பிள்ளை வாசலில் காத்து நிற்பது ஆறரைக்கு. அந்தப் பள்ளியின் பலகையில் 9 மணி என்றுதான் எழுதியிருக்கும்.

நம் நாட்டில் மகாராஷ்டிரம் 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்புவரை 9 மணிக்கு முன் வகுப்பு கூடாது என்று ஆணையிட்டது. நல்லதுதான். ஆனால் உள்கடிகாரம் பின்னுக்குப் போவது பதின்பருவத்துக்கு. சின்னப் பிள்ளைகள் தாமாகவே சேவலோடு எழுந்துவிடுகிறார்கள். தள்ளிவைக்க வேண்டிய வகுப்புகள் எட்டு முதல் பன்னிரண்டு. தேர்வு இருப்பதால் அந்த வகுப்புகளைத் தொட எந்த அரசுக்கும் தயக்கம்.

களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், வேறு திசை. 1956 நவம்பர் 1 வரை நாமும் அங்கே இருந்தவர்கள்தான். ‘பள்ளி என்றால் பத்து மணி’ என்ற பழைய திருவிதாங்கூர்ப் பழக்கம் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் இன்னும் உண்டு. கேரளத்தில் பள்ளிக் கல்வி மாற்றங்களை ஆராய அரசு அமைத்த காதர் குழு 2022-இல் காலை 8 மணி முதல் 1 மணி வரை பள்ளி என்று பரிந்துரைத்தது, அது நடக்கவில்லை. 2025-இல் உயர்நிலை வகுப்புகளுக்குக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் கூட்டி 9.45 முதல் 4.15 வரை என்றார்கள். காலை மதரசா நேரம் பாதிக்கும் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சமஸ்தா அமைப்பு எதிர்த்தது. கால் மணி நேரத்துக்கா இவ்வளவு என்று இங்கே சிலர் கேட்டார்கள். திருவிதாங்கோட்டிலோ குளச்சலிலோ மதரசாவுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளையின் வீட்டில் கேட்டால் அந்தக் கால் மணியின் விலை தெரியும். என் வகுப்பிலும் அப்படி இருவர் இருந்தார்கள். சிறப்பு வகுப்பு 7.50-க்கு இருந்தபோது அவர்கள் மதரசாவை நிறுத்தியிருந்தார்கள். அக்டோபரில் திரும்பச் சேர்ந்தார்கள். இதை நான் எண்ணிக்கூடப் பார்த்திருக்கவில்லை, நன்றி சொல்ல அவர்களின் தந்தை வந்தபோதுதான் தெரிந்தது.

கடலோரத்தில் இதே மாற்றம் வேறு விதமாகப் படும். மீன் விற்கப் போகும் அம்மா விடியலில் கூடையோடு கிளம்பிவிடுவார், அப்பா கடலில். அங்கே பள்ளி சீக்கிரம் திறந்திருப்பது பிள்ளைக்குக் காவல். முட்டம் பக்கம் வேலை பார்த்த தோழி ஒருத்தி, “உன் மலைக்குச் சரி, என் பிள்ளைகளை எட்டு மணிக்கு வாசலில் விடாமல் எங்கே விடுவது?” என்றாள். கதவு திறப்பதும் பாடம் தொடங்குவதும் இரண்டு வேறு வேலை என்று அவளுக்குப் பதில் சொன்னேன். திறந்த பள்ளியில் ஒரு வராந்தாவும், உட்கார ஒரு பாயும், முடிந்தால் ஒரு கிண்ணம் உப்புமாவும் இருக்கட்டும். கரும்பலகை 9-க்குப் பிறகு போதும்.

ஆணை ஒன்று வருவதாக இருந்தால் அது என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பள்ளி தொடங்கும் நேரம் என்று அது பேசக் கூடாது. எட்டாம் வகுப்பு முதல், எந்தப் பெயரிலும் எந்த ஆசிரியரும் காலை 9-க்கு முன் பாடம் நடத்தக் கூடாது, பள்ளி வேன் எந்தப் பிள்ளையையும் 7.30-க்கு முன் ஏற்றக் கூடாது, இரவு 7-க்கு மேல் வீட்டுப்பாடம் அனுப்பக் கூடாது என்று சொல்ல வேண்டும். அரசு, உதவி பெறும், தனியார் என்று பிரிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பள்ளி மட்டும் நல்லது செய்தால் என்ன நடக்கும் என்பதை அந்த டியூஷன் மையம் காட்டிவிட்டது. டியூஷனை ஆணை எட்டாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எல்லாப் பள்ளிகளும் ஒன்றாக நிறுத்தினால், ‘அந்தப் பள்ளியில் நடக்கிறதே’ என்ற பயத்தை விற்று நடக்கும் டியூஷனாவது குறையும்.

ஜனவரி

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடியது. மாற்றத்தைத் தொடர்வதா என்பது கேள்வி. முதலில் எழுந்தவர் ஒரு தந்தை. எதிர் வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளி வேனில் 6.40-க்குப் போகும்போது தன் மகன் போர்த்திக்கொண்டு தூங்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது என்றார். கைதட்டல் எழுந்தது. தூக்கம் பற்றி நான் தயாரித்துக் கொண்டுபோயிருந்த இரண்டு பக்கங்களைப் படித்தேன். மரியாதையாகக் கேட்டார்கள். திருப்புதல் தேர்வு நெருங்குகிறது, இந்த ஆண்டு மட்டும் பழையபடி நடத்துவோம் என்று முடிவாயிற்று. மாணவியின் அம்மா கூட்டத்துக்கு வந்திருந்தார். பால் ஆலையிலிருந்து நேராக வந்ததால் புடவையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, கை தூக்கச் சொன்னபோது எந்தப் பக்கமும் தூக்கவில்லை.

வாட்ஸ்அப் கட்டுப்பாடு மட்டும் தப்பியது. அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த திங்களிலிருந்து அவள் 6.45 பஸ்ஸுக்குத் திரும்பினாள். காலைச் சாப்பாடு போயிற்று. பிப்ரவரியில் ஒரு காலை, சிறப்பு வகுப்பில் அவள் கண் மூடியபோது நான் எழுப்பவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு மெல்லிய குரலில் பாடம் நடத்தினேன். ஆசிரியையாக நான் செய்தது சரியா என்று தெரியவில்லை, நிகழ்வு ஆய்வு என்று பெயர் வைத்தபின் மறைக்கவும் கூடாது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு காலை 10 மணிக்கு. பத்து நிமிடம் வினாத்தாள் வாசிக்க, ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க, 10.15-க்கு எழுதத் தொடங்க வேண்டும். ஆண்டு முழுவதும் 7.50-க்குப் பழக்கியது 10.15-க்கு நடக்கும் ஒரு தேர்வுக்காக. தேர்வு நாட்களில் சிறப்பு வகுப்பு கிடையாது.

அறிவியல் தேர்வன்று பள்ளி வாசலில் நின்று ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 8.50-க்கு அவள் வந்தாள், எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு, கையில் இரண்டு பேனாவோடு. சாப்பிட்டாயா என்றேன். புட்டும் பயறும் என்றாள். எந்த பஸ் என்று கேட்கவில்லை.